டிசம்பரில் மகன் வருகிறான், எங்கே கூட்டிப் போவது?

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்தவள். கொழும்பில் ஒரு சர்வதேசப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கணவரும் நான்காம் வகுப்பு படிக்கும் மகனும் மாமனார் மாமியாரோடு திருச்சியில் இருக்கிறார்கள். வீட்டுக் கடனுக்காக எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. போன மே மாதம் நாத்தனார் குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர் இங்கே வந்தார்கள். தேர்வுக் காலம் என்பதால் எனக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. வார இறுதியோடு சேர்த்து, வேன் பிடித்து, கண்டி, நுவரெலியா என்று ஓடினோம். ஒரே மழை. மலை வளைவுகளில் பையன் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். "இதுக்கா இவ்வளவு செலவு" என்றார் மாமியார். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பையன் அப்பாவிடம், "அம்மாவுக்கு அவங்க வீடுதான் பிடிச்சிருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. டிசம்பரில் மறுபடி பத்து நாள் வருகிறார்கள். இந்த முறையாவது எல்லோரும் சந்தோஷமாகத் திரும்ப வேண்டும். எங்கெங்கே கூட்டிப் போகலாம்? இன்னொரு விஷயம். சக ஆசிரியைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூப்பிடுகிறார்கள். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே ஊர் சுற்றுவதா என்று நான் போவதில்லை. அறையிலேயே இருந்துவிடுகிறேன். ராத்திரி சரியாகத் தூக்கமும் வருவதில்லை. நான் செய்வது சரியா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புச் சகோதரி,

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கடைசியில் நாலு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். டிசம்பருக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதால் உங்கள் மகனுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இரவு போனில் வருகிறான். "என்னம்மா பண்ணினீங்க?" "ஒண்ணும் இல்லப்பா, ரூம்லதான் இருந்தேன். நீ சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா?" அவன் "ம்" என்கிறான். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச ஏதுமில்லை. பாட்டி போனை வாங்கிக்கொள்கிறார். நீங்கள் அவனுக்காக இருக்கிற விரதம் இது. ஆனால் அவன் கைக்கு வந்து சேர்வது ஒரு வெறுமையான ஞாயிறு மட்டும்தான்.

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளோடு இந்த நாட்டில் நெடுங்காலம் வேலை செய்தவர்களில் நானும் ஒருவர். "அம்மா இருக்கிற இடத்தைக் கீறு" என்று தாளையும் பென்சிலையும் கொடுத்தால் பல பிள்ளைகள் ஒரு விமானத்தைக் கீறுவார்கள், அல்லது ஒரு தொலைபேசியை. அம்மாவுக்கு அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறதா, காலையில் எந்தக் கோப்பையில் தேநீர் குடிக்கிறார், பக்கத்து வீட்டில் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தாய்மாரில் அநேகம் பேருக்கு வெளியே போக அனுமதியே இல்லை, சொல்வதற்கு எதுவும் இருந்ததும் இல்லை. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொழும்பில் ஒரு முழு வாழ்க்கை வாழ உங்களால் முடியும். அதை மகனுக்குச் சொல்லவும் முடியும். இரண்டையும் நீங்களாகவே மறுத்துக்கொள்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

"அவங்க வீடு" என்று அவன் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது. குத்தத்தான் செய்யும். ஆனால் அந்த வார்த்தையை அவன் எந்த இடத்திலிருந்து சொன்னான் என்று பாருங்கள். பிரிந்திருந்த தாயை மறுபடி காணும் குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பற்றி பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் பௌல்பி 1950களிலேயே எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது உங்கள் மகனைவிட மிகவும் சின்னப் பிள்ளைகளை. ஒன்பது பத்து வயதில் அதே கோபம் வாய்வழியாக வரும். அம்மா மீது பாசம் குறைந்த பிள்ளை இப்படிப் பேசாது, வெறுமனே விளையாடப் போய்விடும். அவன் உங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவனை வேனில் ஏற்றி, எட்டுத் தலைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, றம்பொடை வளைவுகளில் கொண்டுபோனால் உங்களோடு இருக்க அவனுக்கு எங்கே நேரம் கிடைத்திருக்கும்?

மே மாதம் சரிவராமல் போனதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். காலம் அப்படி. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை வரும் நேரத்தில்தான் உங்களைப் போன்ற பாடசாலைகளில் கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகள் நடக்கும். பத்தாததற்குத் தென்மேல் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். அவர்களுக்கு ஓய்வு, உங்களுக்கு உச்சக்கட்ட வேலை. இனிமேல் மே மாதத்தில் யாரையும் அழைக்காதீர்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜூலை, ஓகஸ்டில் உங்களுக்கு நீண்ட விடுமுறை. அப்போது திருச்சியில் பாடசாலை நடந்துகொண்டிருக்கும். "அவனுக்கு லீவு இல்லையே, நான் போய் என்ன செய்ய" என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் போக வேண்டிய நேரம். காலையில் சாப்பாடு கட்டி அனுப்பலாம், சாயங்காலம் வாசலில் நிற்கலாம், பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களே போகலாம், அவன் நண்பனோடு போட்ட சண்டையை அன்றைக்கே கேட்கலாம். பிரிந்திருக்கிற பிள்ளைக்குக் குறைவது சாதாரண நாட்கள். சுற்றுலா எவ்வளவு போனாலும் அந்தக் குறையை நிரப்பாது. விமானத்தில் சுமார் ஒரு மணி நேரத் தூரம்தான் என்பதால் இது உங்களுக்குக் கைகூடும். டுபாயிலோ லண்டனிலோ படிப்பிக்கிற ஒருவரிடம் இவ்வளவு சுலபமாக நான் இதைச் சொல்ல முடியாது.

சரி, இப்போது ஞாயிறு. கூப்பிடுகிறார்கள் என்றால் போங்கள். யாரும் கூப்பிடாவிட்டால் தனியாகப் போங்கள். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அங்கே நல்ல நூலகம் உண்டு, இலக்கியக் கூட்டங்கள் நடக்கும், ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து வாசித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலி வீதியில் 100, 101 பஸ் எதில் ஏறினாலும் காலிமுகத்திடல் வரைக்கும் போகலாம். மாலை ஐந்து மணிக்குப் போய், இறால் வடை வாங்கிக்கொண்டு, பட்டம் விடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருங்கள். விகாரமகாதேவி பூங்கா, அதன் அருகே தேசிய நூதனசாலை (அருங்காட்சியகம்), கொஞ்சம் தள்ளிக் கல்கிசைக் கடற்கரை என்று பத்து வாரத்துக்கு இடம் போதும். மாதம் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறையும் சேர்த்து வருகிறது. திருச்சியில் இல்லாத அந்த ஒரு நாளை உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன இடத்தில் பார்த்ததில் ஒன்றை, ஒன்றை மட்டும், மகனுக்காக எடுத்து வையுங்கள். வெள்ளவத்தை ஸ்டேஷனில் மாலை ரெயில் வரும்போது கதவுப்படியில் தொங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை கம்பியில், ஒரு கையில் பை, அலை பெரிதாக அடித்தால் சாரல் முகத்திலேயே படும். அதை இரவு அவனுக்குச் சொல்லுங்கள். "ஒரு கதவில் எத்தனை பேர் நிற்பாங்கன்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். நீங்கள் கணித ஆசிரியை. ஒரு பெட்டிக்கு எத்தனை கதவு, ரெயிலுக்கு எத்தனை பெட்டி என்று அவனையே கணக்குப் போட வைத்துவிடலாம். அடுத்த நாள் அவனாகவே போன் எடுத்து விடை சொல்வான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே, அவன் வீட்டுப்பாடம் செய்கிற அதே ஏழு மணிக்கு நீங்கள் கொப்பி திருத்த உட்காரலாம். வீடியோவைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள். பேசியே ஆக வேண்டும் என்று இல்லை. "சாப்பிட்டியா" என்பதை மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கம் வராமல் இருப்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். வெயிலில் நடந்து, நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வந்து படுத்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றமே இல்லையென்றால், அல்லது சாப்பாடும் வேண்டாம் வேலைக்கும் போக வேண்டாம் என்று தோன்றத் தொடங்கினால், அதைத் தனியாகச் சுமக்காமல் ஒரு வைத்தியரைப் பாருங்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

இனி டிசம்பர். மே மாதத்தோடு ஒப்பிட்டால் காலநிலை உங்கள் பக்கம். மேற்கிலும் தெற்கிலும் கடல் அமைதியாகிவிடும். "திருக்கோணேஸ்வரம் பார்க்காமல் எப்படி" என்று மாமனார் கேட்கக்கூடும். கிழக்கில் அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை. அதை இன்னொரு முறைக்கு வைத்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் பெரியவர்கள் இருவரும் மட்டும் வந்தால் திருகோணமலையும் பார்க்கலாம், நல்லூர்த் திருவிழாவும் பார்க்கலாம். அதற்கு நீங்கள் கூடவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முதல் இரண்டு நாள் எங்கேயும் போகாதீர்கள். உங்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும், செலவழித்து வந்தவர்களை வீட்டில் உட்கார வைப்பதா என்று மனம் அடித்துக்கொள்ளும். அப்படியே இருங்கள். சமையலறை மாமியார் கைக்குப் போய்விடும், போகட்டும். அவர் களைத்து வந்த முதல் இரவுக்கு மட்டும் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு நாளும் மகனுக்கு. நீங்கள் பால் வாங்குகிற கடைக்கு அவனைக் கூட்டிப் போங்கள், கடைக்காரருக்கு "இதுதான் என் மகன்" என்று சொல்லுங்கள். அவர் நிச்சயம் கையில் ஒரு ரொபி (மிட்டாய்) கொடுப்பார். நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற தரிப்பிடத்தைக் காட்டுங்கள். பாடசாலை பூட்டியிருந்தாலும் அதிபரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் ஒரு அரை மணி நேரம் உள்ளே விடுவார்கள். உங்கள் வகுப்பறையில், உங்கள் கதிரையில் அவன் உட்காரட்டும், பலகையில் எழுதட்டும். அம்மா தினமும் எங்கேதான் போகிறார் என்பது இந்த ஒன்றரை வருடமாக அவனுக்கு ஒரு இருட்டான இடம். விடுமுறைக்குத் திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். மேசையில் பக்கத்தில் இருத்தி, நட்சத்திர முத்திரையை அவன் கையில் கொடுங்கள். நீங்கள் சொல்கிற பக்கத்தில் அவன் குத்தட்டும். இவர்களுக்காகத்தான் அம்மா என்னை விட்டு வந்தார் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள், அப்போது பிழையும் சரியுமாகக் கணக்குப் போடுகிற சாதாரணப் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

அவனுக்கென்று ஒரு தலையணை, ஒரு செருப்பு, ஒரு பல் துலக்கும் தூரிகை, அலமாரியில் ஒரு தட்டு வாங்கி வையுங்கள். அவன் திரும்பிப் போகும்போது அவை இங்கேயே இருக்கும் என்று சொல்லுங்கள். "அவங்க வீடு" என்ற பேச்சுக்கு வாயால் பதில் சொல்லத் தேவையில்லை.

கடற்கரைக்குப் போகையில் மட்டும் ஒரு கவனம். வெள்ளவத்தையில் கடலுக்குப் போக ரெயில் பாதையைக் கடக்க வேண்டும். அலைச் சத்தத்தில் ரெயில் வருவது கேட்காது, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், பிள்ளைகள் முன்னால் ஓடவே கூடாது. அங்கே பாறை, குளிக்கத் தோதில்லை. தண்ணீரில் கால் நனைக்கக் கல்கிசைக்குப் போங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள். காலையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பியது, திருச்சிக்காரருக்கு உள்ளே நுழைந்ததும் ஊர்க் கோயில் நினைவு வரும். அருகிலேயே புனித அந்தோனியார் தேவாலயம், எல்லா மதத்தவரும் மெழுகுதிரி ஏற்றுகிற இடம். பிறகு செட்டியார் தெரு: கதிரேசன் கோயில்களும் நகைக்கடைகளும் ஒரே தெருவில். மாமியார் வாங்காவிட்டாலும் விலை கேட்டுக்கொண்டே நடப்பார். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வரும் என்பதை வந்த அன்றே சொல்லி வையுங்கள், எந்த விலையைக் கேட்டாலும் திடுக்கிடுவதில் பாதி அதோடு போய்விடும். மார்கழி என்பதால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கோயில்களில் விடியற்காலைப் பூசை இருக்கும். திருவெம்பாவை கேட்க அவரை நீங்களே ஒரு நாள் எழுப்பிக் கூட்டிப் போங்கள். மே மாதத்து "இதுக்கா" கரைய அது உதவும்.

தூரப் பயணம் ஒன்று போதும், அதுவும் வேனில் வேண்டாம். தெற்கே காலி நகருக்கு ரெயிலில் போய்விட்டு அன்றே திரும்பலாம். போகும்போது வலது பக்கம் கடல், வளைவும் இல்லை வாந்தியும் இல்லை. 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, பிறகு ஒல்லாந்தர் பெரிதாக்கிய கோட்டை மதிலில் பையன் ஓடுவான். ஆண்டு இறுதியில் நெரிசல் அதிகம், ஆசனப் பதிவை முன்கூட்டியே செய்துவிடுங்கள். விசா அனுமதியை அரசாங்கத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்குகிற தளங்கள் இருக்கின்றன.

மீதி நாட்களை வெறுமையாக விடுங்கள். அதில் ஒரு பின்னேரம் மட்டும் உங்களுக்கும் கணவருக்கும். பிள்ளையைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு இருவரும் வெளியே போங்கள். குடும்ப வருகைகளில் எல்லோருக்கும் நேரம் ஒதுக்குவோம், கணவன் மனைவிக்கு ஒதுக்க மாட்டோம். உங்கள் கடிதத்தில் மகன் வருகிறான், மாமியார் வருகிறார், நாத்தனாரும் வருகிறார். கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. ஒன்றரை வருடமாக அங்கே அப்பாவாகவும் அம்மாவாகவும் நிற்பவர் அவர். இந்த முறை நாத்தனார் குடும்பம் வராமல் இருந்தால் நல்லது என்று நான் நினைக்கிறேன். அதையும் அவர்தான் தன் தங்கையிடமோ அக்காவிடமோ சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

இருவரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய பெரிய விஷயம் வேறொன்று: நீங்கள் எப்போது திரும்புகிறீர்கள்? ஒப்பந்தம் முடிகிற மாதமா, கடன் முடிகிற வருடமா, அல்லது அவன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போதா? "சீக்கிரம் வந்துடுவேன்" என்பது பிள்ளைக்குப் பதில் ஆகாது. அதை அவன் நிறையத் தடவை கேட்டிருப்பான். மாதமும் வருடமும் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், நாட்காட்டியில் அவன் கையாலேயே வட்டம் போடட்டும். இன்னும் தீர்மானிக்கவில்லை என்றால், "அப்பாவும் அம்மாவும் பேசிட்டு இருக்கோம், முடிவானதும் முதல்ல உனக்குத்தான் சொல்வோம்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். காப்பாற்ற முடியாத திகதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் இங்கே வந்து இறங்கியபின் இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்த வாரமே, பையன் தூங்கியபின், கணவருக்குப் போன் எடுங்கள்.